சிக்கனம் ஜெயித்த பந்தயம்

பழைய காரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மின்சார மோட்டாரும் பாட்டரிகளும் பூட்டிவிட்டால் வண்டி ஓடும்; சந்தேகமில்லை. ஆனால் எத்தனை மைல் ஓடும்? வீட்டிலேயே காரை மாற்றிக் கட்டும் எல்லோரையும் வாட்டும் கேள்வி இதுதான்.

1968-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்க மாணவர்கள் இதற்கு ஒரு பந்தயமே நடத்திப் பார்த்தார்கள். கலிபோர்னியாவில் உள்ள கால்டெக் மாணவர் வாலி ரிப்பல், 1958-ம் வருஷத்து வோக்ஸ்வாகன் வேன் ஒன்றை மின்சார வண்டியாக மாற்றியிருந்தார். கிழக்குக் கரையிலுள்ள எம்.ஐ.டி. மாணவர்களைப் போட்டிக்கு அழைத்தார். அவர்கள் ஒரு கார்வேர் காரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் அங்கே போகவேண்டும். அவர்கள் இங்கே வரவேண்டும். சுமார் 3,300 மைல் பிரயாணம்! வழியில் ஏறக்குறைய 60 மைலுக்கு ஓர் இடத்தில் மின்சாரம் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு.

எம்.ஐ.டி. காரிலிருந்த நிக்கல்-காட்மியம் பாட்டரிகளின் மதிப்பு 20,000 டாலர். ரிப்பலின் ஈயப் பாட்டரிகளோ வெறும் 600 டாலர்! ஆனால் பணக்காரப் பாட்டரிக்குக் கோபம் அதிகம். அவசரமாக மின்சாரம் ஏற்றும்போது கொதித்தது. ஐஸ்கட்டி கொட்டிக் குளிர வைக்கவேண்டியிருந்தது. கடைசியில் அந்தக் கார்தான் முதலில் ஊர் வந்து சேர்ந்தது. ஆனால் மோட்டார் பழுதாகி, இன்னொரு வண்டி இழுத்து வந்தது! அபராத நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, சுமார் அரை மணி வித்தியாசத்தில் கால்டெக் வேன் ஜெயித்தது.

சரி, கூடுதல் மைல் எங்கே கிடைக்கும்? முதலில் வேகத்தில். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அடுத்தது, காலில். ஈயப் பாட்டரியிலிருந்து வெடுக்கென்று மின்சாரத்தை உறிஞ்சினால், அது மொத்தத்தில் தருவதே குறைந்துவிடும். டயரில் காற்று குறைவு, சக்கரத்தை உரசும் பிரேக், வேண்டாத மூட்டை, இவையெல்லாம் சத்தமில்லாத திருடர்கள்.

இன்று லிதியம் பாட்டரி வந்துவிட்டது. அதே எடையில் ஈயத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு சக்தி தருகிறது. அதற்காக ஊதாரித்தனம் செய்யலாமா? சம்பளம் கூடிவிட்டால் மட்டும் மாதக் கடைசிவரை பணம் நின்றுவிடுகிறதா, என்ன?