வெள்ளிக்கிழமை படுத்துவிடும் சர்வர்

ஒரு ஜாவா சர்வர் வெள்ளிக்கிழமை படுக்கப்போகிறது என்பதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடலாம். ஜோசியம் எல்லாம் வேண்டாம், அது பிடித்துவைத்திருக்கும் மெமரியின் வரைபடம் போதும். கோடு மெல்ல ஏறும், சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் உச்சியைப் பார்த்துப் பதறுவார்கள். நான் அடியைத்தான் பார்ப்பேன். இறங்கி நிற்கிற இடம் நேற்று ஒரு ஜிபி, இன்று ஒன்றரை, நாளைக்கு இரண்டு என்று போனால் கதை முடிந்தது, நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

எனக்கு வீடு கள்ளிக்குப்பம், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். 1964இல் தொடங்கிய பேட்டை அது. லேத்தும் பிரஸ்ஸும் ஓடிய தெருக்களில் இப்போது நடுநடுவே கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அப்பா அங்கே லேத் ஓட்டினார். நான் அதே பேட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, ஒரு லாரி பார்சல் கம்பெனியின் புக்கிங் அப்ளிகேஷன் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மொழியில் புரொடக்‌ஷன் சப்போர்ட். "ஓடற மெஷினை உட்கார்ந்து பாக்கறதுக்கா சம்பளம்?" என்று அப்பா கேட்பார். நிற்கிற அன்றைக்கு வந்து பாருங்கள் என்பேன்.

அந்த அப்ளிகேஷன் டாம்கேட் என்ற சர்வர் மென்பொருளுக்குள் ஓடுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் எழுதப்பட்டு, 1999இல் அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இலவசம் என்பதால் உலகம் முழுக்க இருக்கிறது. நீங்கள் கட்டணம் கட்டும், டிக்கெட் எடுக்கும் ஏதாவது ஒரு பக்கத்துக்குப் பின்னால் இதுவோ இதன் உறவுக்காரனோ இருக்க வாய்ப்புண்டு. தொடங்கும்போதே அதற்கு ஓர் எல்லை சொல்லிவிடுவோம்: நாலு ஜிபி மெமரி, அதற்கு மேல் கேட்காதே. அந்த இடத்துக்குப் பெயர் ஹீப். ஒவ்வொரு புக்கிங்குக்கும் அதில் சின்னச் சின்னப் பொருள்கள் உருவாகும். பெயர், எடை, ஊர், தொகை. வேலை முடிந்ததும் அவற்றை யார் அப்புறப்படுத்துவது?

சி மொழியில் எழுதுகிறவர் தன் கையாலேயே அப்புறப்படுத்த வேண்டும். மறந்தால் அந்த இடம் போனதுதான். லண்டன் ஆம்புலன்ஸ் சேவைக்கு நடந்ததும் அந்த மாதிரிதான். 1992இல் புதுக் கம்ப்யூட்டர் அமைப்பு வைத்தார்கள். ஒரு சின்ன மாற்றத்தில் ஒரு புரோகிராமர் எழுதிய சில வரிகள், வண்டி அனுப்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெமரியைத் திருப்பித் தராமல் விட்டுவிட்டன. மூன்று வாரத்தில் சர்வர் நிறைந்து, நவம்பர் 4 அதிகாலை நின்றுபோனது. மாற்று சர்வரும் கைகொடுக்கவில்லை. காகிதமும் பேனாவுமாக ஆம்புலன்ஸ் அனுப்பினார்கள்.

ஜாவாவில் அந்தக் கவலை இல்லை என்றுதான் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள். கார்பேஜ் கலெக்டர் என்று ஒன்று தானே ஓடி, வேண்டாததை அள்ளிவிடும். ஜான் மெக்கார்த்தி 1959 வாக்கில் லிஸ்ப் மொழிக்காக யோசித்தது அது. 1995இல் வந்த ஜாவா அதை எல்லாருடைய வேலைக்கும் கொண்டுவந்தது. ஆனால் எது வேண்டாதது என்று அதற்கு எப்படித் தெரியும்? உண்மையில் தெரியாது. யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அப்பாவுக்கு அம்பத்தூர் ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டை வைத்துச் சொன்னேன். அங்கே தூசி படிந்து, டயர் இறங்கி, மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டாண்டுக்காரரால் அதைத் தூக்கிப் போட முடியாது. டோக்கன் யாரிடமோ இருக்கிறது. அவர் வருவாரா மாட்டாரா என்பது ஸ்டாண்டுக்காரருக்குத் தேவையில்லாத கேள்வி. டோக்கன் வெளியே இருக்கும்வரை வண்டி உள்ளே நிற்கும். ஜாவாவின் கலெக்டரும் அந்த நேர்மையோடுதான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் எந்த மூலையிலிருந்தாவது ஒரு பொருளுக்கு டோக்கன் இருந்தால் அதைத் தொடாது. ஆகவே ஜாவாவில் மெமரி லீக் (இடம் திரும்பாமல் கசிவது) என்றால் யாரோ மறந்தது என்று நான் தேடமாட்டேன். யாரோ விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுவேன்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் கார். 2005 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு, டிரைவர் இல்லாத கார்களுக்கு மொஹாவே பாலைவனத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு பந்தயம் வைத்தது. இவர்கள் காரின் மென்பொருள் சி ஷார்ப்பில் எழுதியது. அதிலும் கலெக்டர் உண்டு. வழியில் தெரிந்த புதர், கல் எல்லாவற்றையும் கார் குறித்துக்கொள்ளும். தாண்டிப் போனதும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீக்கியது உண்மை. ஆனால் இன்னொரு பட்டியலில் அந்தப் புதர்களின் பெயர் பதிவாகியே இருந்தது. தாண்டிவந்த ஒவ்வொரு புதரையும் சுமந்துகொண்டே ஓடி, பதினைந்து கிலோமீட்டர் அளவில் கார் நின்றுவிட்டது. காரணம் பந்தயம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் கிளைகளிலிருந்து போன் வரும். "மேடம், சுத்திக்கிட்டே இருக்கு. எல்.ஆர். போட முடியலை, லாரி நிக்குது." எல்.ஆர். என்றால் லாரி ரசீது. சர்வர் சாவதற்கு முன் இப்படித்தான் இழுக்கும். ஹீப் நிறைய நிறைய, கலெக்டர் திரும்பத் திரும்ப ஓடும். நேரத்தில் 98 சதவீதம் அதிலேயே போய், அப்படியும் 2 சதவீத இடம்கூடத் தேறவில்லை என்றால், ஜாவா தானே கைவிரித்து அவுட் ஆஃப் மெமரி என்று எழுதிவிடும். அதுவரை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'ஸ்லோ' மட்டும்தான் தெரியும். அதனால் முதல் ஒரு மணி நேரம் நெட்வொர்க்காரரையும் டேட்டாபேஸ்காரரையும் திட்டுவதில் கழியும். பிறகு யாராவது ரீஸ்டார்ட் செய்வார்கள், எல்லாம் சரியாகிவிடும். அந்தக் கம்பெனியில் ஞாயிறு இரவு தோறும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி ஏற்கெனவே வைத்திருந்தார்கள். அதுவும் போதாமல்தான் வெள்ளிக்கிழமை விழுந்தது. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்று சர்வர் இரண்டு. இரண்டுக்கும் ரீஸ்டார்ட் ஒரே நேரம், வளர்ச்சியும் ஒரே வேகம். இரண்டும் ஜோடியாகவே விழுந்தன.

வேலை அதிகம், மெமரியைக் கூட்டுங்கள் என்பதுதான் கூட்டத்தில் எல்லாரும் சொன்ன யோசனை. நாலை எட்டாக்கினால் ஞாயிறு ரீஸ்டார்ட் வரை தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்; நிறைவது நிற்காது. எனக்கு உறுத்தியது பொங்கல் வார வரைபடம். கிளைகள் மூடியிருந்தன, புக்கிங் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அடிக்கோடு அதே சாய்வில் ஏறியிருந்தது. மனிதர்கள் செய்கிற வேலையால் நிறைகிறது என்றால் மனிதர்கள் தூங்கும்போது அதுவும் தூங்க வேண்டும். இது தூங்கவில்லை.

ஹீப்பில் எந்த வகைப் பொருள் எத்தனை இருக்கிறது என்று ஜேமேப் என்ற கருவி ஒரு பட்டியல் தரும். ஒரு பட்டியலை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எந்த ஜாவா அப்ளிகேஷனிலும் மேலே வெறும் எழுத்துச் சரங்கள்தான் நிற்கும். சில மணி நேர இடைவெளியில் இரண்டு எடுத்து, எது கூடியது என்று பார்க்க வேண்டும். என் டீமில் இருக்கும் ஆவடிப் பையனிடம் இரவு ஷிஃப்டில் எடுக்கச் சொல்லியிருந்தேன். காலையில் வந்ததும் சொன்னான்: "அக்கா, செஷன்தான் ஏறுது. மணிக்கு எழுநூத்தி இருபது. நைட்டு ரெண்டு மணிக்கும் அதேதான்."

எழுநூற்று இருபதை அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு. ஐந்து விநாடிக்கு ஒன்று, நள்ளிரவிலும் பிசகாமல். எந்த கிளார்க்கும் இப்படி லாகின் செய்யமாட்டார்.

செஷன் என்பது, ஒருவர் உள்ளே வந்தால் அவர் யார், எந்தக் கிளை என்று சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும் சின்னக் கோப்பு. யார் இந்த ஐந்து விநாடி விருந்தாளி என்று சந்தேகம் வந்துவிட்டாலும் அத்தாட்சி வேண்டும். அதற்கு ஹீப் டம்ப். அதாவது மெமரி முழுவதையும் அப்படியே ஒரு ஃபைலில் இறக்குவது. எடுக்கும் நேரம் சர்வர் உறைந்து நிற்கும் என்பதால் இரவில்தான் எடுக்க முடியும். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஃபைலில் வாடிக்கையாளர் போன் நம்பர், சில சமயம் பாஸ்வேர்டுகூட வெறும் எழுத்தாகவே கிடக்கும். அதை வாட்ஸாப்பிலும் மெயிலிலும் அனுப்புகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சே வராது எனக்கு.

டம்ப்பைப் படிக்க எக்லிப்ஸ் மேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனத்தில் பிறந்தது. எந்தப் பொருளைக் கழற்றினால் எவ்வளவு இடம் விடுபடும் என்று பெரியதிலிருந்து வரிசைப்படுத்திக் காட்டும். பிறகு ஒரு பொருளைச் சுட்டி, இதன் டோக்கன் யாரிடம் என்று கேட்டால் பாதை காட்டும். எங்களுக்கு ஹீப்பின் முக்கால் பங்கு ஒரே இடத்தில் தொங்கியது: டாம்கேட்டின் செஷன் மேனேஜர். அதனுள் பல்லாயிரம் செஷன்கள். ஒவ்வொன்றிலும் எல்லாக் கிளைகளின் பட்டியல், தனித்தனிப் பிரதியாக, சுமார் 40 கேபி. யாருடைய பெயரும் இல்லை. லாகினே செய்யாத செஷன்கள்.

வந்தது லோட் பேலன்சர். இரண்டு சர்வருக்கும் வேலையைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி அது. உயிரோடு இருக்கிறாயா என்று ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் தட்டிப் பார்க்கும். தட்டிய கதவு லாகின் பக்கம். அது ஜேஎஸ்பி பக்கம், அதாவது கேட்கும்போதெல்லாம் சர்வரில் ஜாவா உருவாக்கித் தரும் பக்கம். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஜேஎஸ்பி தானாகவே ஒரு செஷனைத் திறந்துவிடும். கிளைப் பெயர்களைக் காட்ட வேண்டும் என்பதால் பட்டியலையும் அதில் போட்டுவைக்கும். பெட்டி பதிலைப் பார்த்துவிட்டுப் போய்விடும். அடுத்த முறை புது ஆளாக வரும். ஒரு நாளைக்கு 17,280 முறை, முறைக்கு 40 கேபி, ஏறக்குறைய 700 எம்பி. காலியிடம் மூன்று ஜிபி. ஞாயிறு இரவிலிருந்து நாலேகால் நாள் எண்ணினால் வெள்ளிக்கிழமை காலை. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டுக் கேட்டே கொன்றிருக்கிறது.

ஆனால் டாம்கேட்டில் செஷனுக்கு ஆயுள் முப்பது நிமிடம்தானே, தானே கழிந்திருக்க வேண்டாமா? அங்கேதான் ஒரு மனிதர் வருகிறார். செட்டிங்கில் முப்பது இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் ஒன்று இருந்தது. அப்படிப் போட்டால் செஷன் காலாவதியே ஆகாது. மாற்றத்துக்கான டிக்கெட்டைத் தேடிப் பிடித்தேன். ஒரு கிளை கிளார்க்கின் புகார். பெரிய லோடு வந்தால் எடை போட, மூட்டை எண்ண என்று எழுந்து போக வேண்டியிருக்கிறது. திரும்பி வந்தால் லாகின் போய், பாதி அடித்த எல்.ஆர். அழிந்துவிடுகிறது. நியாயமான புகார். அப்போது இருந்த டெவலப்பர் ஒரே வரியில் தீர்த்துவைத்திருக்கிறார், கிளார்க்கும் நன்றி எழுதியிருக்கிறார்.

எல்லா லீக்கும் இந்த ரகம் இல்லை. அப்ளிகேஷனின் புதுப் பதிப்பைச் சர்வரை நிறுத்தாமல் ஏற்றும்போது, பழைய பதிப்பு போகாமல் உள்ளேயே தங்குவது உண்டு. பெர்ம்ஜென் என்ற மெமரிப் பகுதி நிரம்பியது என்று வரும் அந்தப் பிழை ஒரு காலத்தில் டாம்கேட்காரர்களின் தினசரித் தலைவலி. 2014இல் ஜாவா 8 அந்தப் பகுதியையே எடுத்துவிட்டது. பழைய பதிப்பு தங்கும் வியாதி மட்டும் இன்னும் இருக்கிறது. பூலில் சுற்றிவரும் த்ரெட்களில் ஒட்டிக்கொள்ளும் டேட்டா, எல்லையே இல்லாத கேஷ், இவையும் அடிக்கடி மாட்டும். எதுவானாலும் கேள்வி ஒன்றுதான், டோக்கன் யாரிடம்? ஒன்றுமே செய்யாவிட்டாலும், அவுட் ஆஃப் மெமரி வரும்போது தானே டம்ப் எடுக்கச் சொல்லும் ஆப்ஷனையாவது ஜாவாவில் போட்டுவையுங்கள். ரீஸ்டார்ட் செய்த கையோடு தடயமும் அழிந்துபோகிறது என்பதுதான் இந்த வேலையின் பெரிய கொடுமை.

லோட் பேலன்சருக்கு செஷன் திறக்காத ஒரு வெற்றுப் பக்கத்தைத் தனியே கொடுத்தோம். கிளைப் பட்டியல் இப்போது சர்வருக்கு ஒரே பிரதி. செஷன் ஆயுள் ஒரு மணி நேரம். மைனஸ் ஒன்றை எடுத்தால் அந்த கிளார்க்கின் பழைய புகார் திரும்ப வரும் என்பதால், பாதி அடித்த எல்.ஆர். அவருடைய பிரவுசரிலேயே சேமித்து நிற்கும்படி செய்தோம். மறுபடி லாகின் ஆனால் விட்ட இடத்திலிருந்து அடிக்கலாம். மொத்தத்தில் அதிக நாள் பிடித்த வேலை இந்தக் கடைசி ஒன்றுதான். ஞாயிறு இரவு ரீஸ்டார்ட்டை மட்டும் எடுத்துவிட அந்தக் கம்பெனி இன்றுவரை சம்மதிக்கவில்லை.