மாயக் கோட்டைக்குள் யார் இருக்கிறார்கள்?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவிலுள்ள ஒரு தாய் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "சார், எம் பையன் எந்நேரமும் இதைத்தான் ஆடுறான். இவன் ஆடலாமா, கூடாதா? நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். பையனுக்கு வயது பதினொன்று. தந்தை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நானும் பார்த்தேன். கோட்டை, மந்திரவாதி, நெருப்பு கக்கும் பறவை! "கற்பனைக் கதைதானே அம்மா, ஆடட்டும்" என்று சொல்லிவிட்டேன். பையன் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போர்வைக்குள் ஆடுகிறான் என்பது ஒரு மாதம் கழித்தே தெரிய வந்தது. நான் படத்தை மட்டும் பார்த்திருந்தேன். பார்க்க வேண்டியது எது என்பதை இங்கே காண்போம்.

பூதமும் மந்திரவாதியும் நம் குழந்தைகளுக்குப் புதியவர்கள் அல்லர். வேதாளம் முருங்கை மரம் ஏறும் கதையைக் கேட்டே வளர்ந்தோம். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலம் அய்யனார் கோயிலின் மாபெரும் குதிரையைக் காணும் சிறுவன், இரவில் அது ஊரைச் சுற்றி வருவதாக எண்ணிக்கொள்கிறான். அதனால் யாரும் கெட்டுவிடவில்லை. கதைக்கும் இணைய விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு பூதத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

ஆட்டம் நடப்பது எங்கே?

கைப்பேசியில் என்பீர்கள். உண்மையில் அந்த மாய உலகம் தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறியில் இருக்கிறது. அதனைச் 'சர்வர்' என்பர். யார் எங்கே நிற்கிறார், எவரிடம் எவ்வளவு பொன் இருக்கிறது என்ற கணக்கெல்லாம் அங்கேதான். கைப்பேசி வெறும் ஜன்னல். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்னும் இருவர் இத்தகைய உலகம் ஒன்றை அமைத்தனர். அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். ஆயினும் பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, பேசிக்கொண்டே புதையல் தேட முடிந்தது.

இதிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கின்றன.

முதற் கேள்வி: ஆட்டத்திற்கு முடிவு உண்டா?

இருட்டினால் கிட்டிப்புள் நின்றுவிடும். இணைய உலகமோ, நாம் ஜன்னலைச் சாத்திய பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். 2012-இல் பின்லாந்து நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர் உறங்கும்போதும் பிறர் அவருடைய கிராமத்தைத் தாக்கலாம். கட்டடம் எழும்ப மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறுவனின் மனம் அங்கேயே கிடப்பதில் வியப்பில்லை.

இரண்டாம் கேள்வி: உள்ளே யார் பேசுகிறார்கள்?

விளையாட்டுகளுக்கு வயது முத்திரை இடுகிறார்கள். அது பெரும்பாலும் படத்தையும் கதையையும் வைத்து இடப்படுவது. முன்பின் அறியாத ஒருவர் நாளை உங்கள் மகனிடம் என்ன பேசுவார் என்பதை எந்த முத்திரையாலும் முன்கூட்டி அளக்க முடியாது.

மூன்றாம் கேள்வி: பணம் எப்படிக் கேட்கிறது?

பல விளையாட்டுகளில் 'அதிர்ஷ்டப் பெட்டி' உண்டு. அரிய வாள் கிடைக்க நூற்றில் ஒரு வாய்ப்பு எனக் கொள்வோம். நூறு பெட்டி திறந்தால் வாள் உறுதியா? இல்லை. ஒரு தடவை கிடைக்காமற் போகும் வாய்ப்பு 0.99. அதனை நூறு தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.37 வருகிறது. அதாவது நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தாலும் சுமார் 37 பேர் வெறுங்கையோடு திரும்புவர்! எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே விடாமல் முயலவைக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டினார். 2018-இல் பெல்ஜியம், பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

நம் நாட்டிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. பணயமில்லாத கற்பனை விளையாட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அவற்றைப் பற்றிய முடிவு நம் வீட்டுத் திண்ணையில்தான் எடுக்கப்பட வேண்டும்.

ஆடும் குழந்தைகள் அனைவரும் நோயாளிகளா? அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றுள்ளது. 2022 முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தை அடக்க முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டமே முதலிடம் பெறுதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அது கோளாறு. எனவே மிரளவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

அந்தப் பையனை என் வீட்டுக்கு அழைத்தேன். ஒரு தகர டப்பாவில் நூறு புளியங்கொட்டைகளைப் போட்டு, ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு தடவினேன். பார்க்காமல் எடு, இல்லையென்றால் திரும்பப் போட்டுக் குலுக்கு என்றேன். வெள்ளைக்கொட்டை வந்தபோது நூற்று முப்பது தடவை தாண்டியிருந்தது. "இவ்வளவு நேரமா சார்!" என்றான். பிறகு அவனே தன் கோட்டையை எனக்குச் சுற்றிக் காட்டினான். அவன் தாயும் அருகில் அமர்ந்து பார்த்தார். மாலையில் ஒரு மணி நேரம், கூடத்தில் அமர்ந்து, தெரிந்த நண்பர்களுடன் மட்டும் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். இரவில் கைப்பேசி தாயிடம் இருக்கும்.

வாசகர்களே, நீங்களும் புளியங்கொட்டைச் சோதனையைச் செய்து பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுக் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் அந்த விளையாட்டை ஆடுங்கள். மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கேயே கிடைக்கும்.