மரையைச் சுட யாருக்கு உரிமை?

விரட்டப்பட்ட மரை தண்ணீரைத் தேடி ஓடும். ஓடையின் நடுவே நெஞ்சளவு ஆழத்தில் நின்று, கொம்பைத் தாழ்த்தி, முன்னங்காலால் உதைக்க ஆயத்தமாகத் திரும்பிக்கொள்ளும். துரத்தி வரும் நாய் அந்த ஆழத்தில் நீந்தியாக வேண்டும். மரைக்கோ கால் தரையில் ஊன்றியிருக்கும். இந்தியக் காடுகளில் செந்நாய்க் கூட்டத்தை அது இப்படித்தான் எதிர்கொள்கிறது. இலங்கையில் செந்நாய் கிடையாது, ஆனாலும் பழக்கம் மாறவில்லை.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் இந்தப் பழக்கத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். வேட்டைநாய்களை ஏவி மரையை ஓடைக்கு விரட்டுவார். நாய்கள் சூழ்ந்துகொண்டதும் கத்தியோடு தண்ணீரில் இறங்கிக் குத்துவார். ஹோர்ட்டன் சமவெளியில் இன்று எல்லோரும் நின்று படம் பிடிக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரைத் தாங்கியது. தன் நூல்களில் அவர் மரையை 'எல்க்' என்றே எழுதினார். நுவரெலியாவுக்கு அப்பால், அம்பேவலைப் பக்கம், எல்க் பிளேன்ஸ் என்ற இடப்பெயர் அந்த வழக்கின் மிச்சம். உண்மையான எல்க் வட அமெரிக்காவிலும் வடகிழக்கு ஆசியாவிலும் வாழும் வேறொரு மான். இரண்டும் ஒரே குடும்பம், பருமனிலும் அதிக தூரமில்லை. ஆனால் மனிதன் இரண்டுக்கும் வகுத்த சட்டம் வெவ்வேறு பாதையில் போயிருக்கிறது. அந்த வேறுபாடு நம் மலைநாட்டைப் பற்றி நிறையச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் மிருகத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கடமான், மிளா என்றும் சிங்களத்தில் கோனா என்றும் வழங்கும் மரைதான் இலங்கையின் மான்களில் மிகப் பெரியது. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். கரடுமுரடான கரும்பழுப்பு மயிர், ஆணுக்குக் கழுத்தில் பிடரி, பக்கத்துக்கு மூன்று கிளை விட்ட சொரசொரப்பான கொம்பு. கழுத்தின் அடிப்பகுதியில் சில காலங்களில் மயிர் உதிர்ந்து சிவந்த ஒரு திட்டுத் தெரியும். பார்ப்பவர்கள் காயம் என்று பதறுவார்கள். அது மரையின் உடலியல்பு. ஆபத்தை உணர்ந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டி, வாலை உயர்த்தி, ஒற்றை ஊதல் போன்ற குரல் எழுப்பும். எட்டு மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனும். காட்டுக்குள் தனித்தோ இரண்டு மூன்றாகவோ திரியும் இந்த மிருகம் ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளியில் மட்டும் பெரிய கூட்டமாக மேய்கிறது. 2008 முதல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாபத்துக்கு உட்பட்ட இனமாக வைத்திருக்கிறது.

கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், பசு அளவிலிருந்து முயல் அளவு வரை பலவகை மான்கள் இந்தக் காடுகளில் ஏராளம் என்று 1681இல் வெளிவந்த நூலில் குறிப்பிட்டார். பசு அளவானது மரையாகவும், முயல் அளவானது சருகுமானாகவும் இருக்க வேண்டும். அக்காலத்தில் காட்டுக்குள் யார் நுழையலாம் என்பது அரசனின் சொல். தலதா மாளிகைக்குப் பின்னால் உயரும் உடவத்தகெலே, அரச குடும்பத்துக்கு மட்டும் உரிய தடைக்காடாக இருந்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்ததும் அந்தச் சொல்லின் அதிகாரம் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் போனது. காடு கோப்பித் தோட்டமாகவும் பிறகு தேயிலைத் தோட்டமாகவும் மாறிய வேகமும், தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்கும் சேர்ந்து என்ன செய்தன என்பதற்கு ஒரு பெயர் போதும்: மேஜர் தோமஸ் ரொஜர்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அறியப்பட்டவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, சுடுவதற்கு மிருகம் மிஞ்சாது என்ற அச்சம் சுட்டவர்களுக்கே வந்தது. 1894இல் அவர்கள் கூடி அமைத்த இலங்கை வேட்டைமிருகப் பாதுகாப்புச் சங்கமே இன்றைய வனஜீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் முன்னோடி. அதன் முயற்சியால் 1900இல் யாலையில் ஒதுக்குக்காடு பிரகடனமானது. அதன் அருகே, பலட்டுப்பானைக்கும் யாலைக்கும் இடைப்பட்ட காடு, இலங்கையில் வசிக்கும் வேட்டைக்காரருக்கு மட்டுமான இடமாக ஒதுக்கப்பட்டது. கப்பலில் வந்து சுட்டுவிட்டுப் போகிறவருக்கு அங்கே இடமில்லை. உள்ளூரார், வெளியார் என்ற கோடு இங்கே இப்படித்தான் விழுந்தது.

அதே கோட்டை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் எப்படி வரைந்தன என்பது அறியத் தக்கது. 1900 வாக்கில் அங்கும் எல்க் அருகிப்போயிருந்தது. இன்று வட அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் எல்க் உண்டு. கொலராடோவில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். அங்கே வேட்டைக்காலம் ஓர் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறது. குளிர்காலத்தில், வெண்பனியின் மேல் கூட்டங்கள் துலக்கமாகத் தெரியும்போது, ஹெலிகொப்டரில் பறந்து எண்ணுகிறார்கள். நூறு பெண்ணுக்கு எத்தனை ஆண், எத்தனை கன்று என்று கணக்கிட்டு, மாநிலத்தைப் பிரித்த ஒவ்வொரு வேட்டைப் பகுதியிலும் இந்த ஆண்டு எத்தனை விலங்குகளை எடுக்கலாம் என்று முடிவுசெய்கிறார்கள். கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் அந்த முடிவுக்கு ஏற்பத்தான் அனுமதிச் சீட்டு அச்சாகும். அதைத்தான் 'டேக்' என்கிறார்கள். எல்க் விழுந்தவுடன் சீட்டில் நாளைக் குறித்து அதன் உடலோடு கட்டிவிட வேண்டும். ஒரு சீட்டுக்கு ஓர் உயிர்தான்.

சீட்டு குறைவு, கேட்பவர்கள் அதிகம்; ஆகவே குலுக்கல். வேறு மாநிலத்தவர் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் வேலை மாதக்கணக்கில் முன்னரே தொடங்கிவிடும். வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இது பொதுவாகக் கட்டாயம். எந்தப் பகுதி, எந்தப் பருவம், வில்லா, பழைய வகை வாய்த்துப்பாக்கியா, ரைபிளா, ஆணா பெண்ணா என்று தெரிவுகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். செப்டெம்பர் வேட்டைக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே கொலராடோ விண்ணப்பத்தை முடித்துக்கொள்கிறது. வயோமிங் வெளியாருக்கு அதற்கும் இரண்டு மாதம் முன்பே கதவைச் சாத்திவிடுகிறது.

பல மாநிலங்களில் கிடைக்காதவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு புள்ளி சேர்கிறது. கொலராடோ நீண்ட காலமாகக் கைக்கொண்டுவந்த முறையில் அதிகப் புள்ளி உள்ளவருக்கே முதலிடம். நெவாடாவில் புள்ளியை அதே எண்ணால் பெருக்கி ஒன்று கூட்டுகிறார்கள்: ஐந்து புள்ளி வைத்திருப்பவருக்குக் குலுக்கலில் 26 வாய்ப்பு, புதிதாக வந்தவருக்கு ஒன்று. அவரும் வெல்லக்கூடும். கொலராடோ முறையில் அந்த நம்பிக்கைக்கு இடம் குறைவு. ஆண்டுதோறும் புதியவர்கள் சேரச் சேர, பேர்பெற்ற பகுதிகளுக்குத் தேவையான புள்ளியும் ஏறிக்கொண்டே போகிறது. வடமேற்குக் கொலராடோவின் சில பகுதிகளுக்கு இருபதுக்கும் அதிகமான புள்ளிகள் வேண்டும். இருபது வயதில் முதல் விண்ணப்பம் போட்டவர் நாற்பது தாண்டித்தான் அங்கே கால்வைப்பார்.

வெளியாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மாநிலமே சட்டத்தில் எழுதிவைக்கிறது. நியூ மெக்சிகோவில் 84 சதவீதம் உள்ளூராருக்கு. 10 சதவீதம் பதிவுபெற்ற வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு. தனியாகப் போகும் வெளியாருக்கு மிஞ்சுவது 6. வயோமிங்கில் வெளியார் பங்கு 16 சதவீதம். அங்கே பாதுகாக்கப்பட்ட அடர்வனத்துக்குள் வெளியார் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் எல்க் வேட்டைக்குப் போக முடியாது. கட்டணமும் பத்து மடங்குக்கு மேல் வேறுபடும். இது நியாயமா என்று கேட்டு மொன்டானாவுக்கு எதிராக ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976இல் அங்கே உள்ளூரார் 9 டொலருக்கு எல்க் அனுமதி வாங்க முடிந்தது. வெளியார் 225 டொலர் கட்டி மற்ற விலங்குகளையும் சேர்த்த அனுமதியைத்தான் வாங்க வேண்டியிருந்தது. 1978இல் நீதிமன்றம் மொன்டானாவின் பக்கம் தீர்ப்பளித்தது. எல்க் வேட்டை பொழுதுபோக்கு, ஒருவரின் பிழைப்பு அல்ல; ஆகவே வெளியாரிடம் கூடுதலாக வாங்குவது அடிப்படை உரிமையைப் பறிப்பதாகாது என்பது அதன் வாதம்.

அந்த வாதத்தை நம் மலைநாட்டுக்கு எடுத்துவந்து பார்க்கிறேன். பொழுதுபோக்குக்குச் சுட்டவர் தோட்டத்துரை. இறைச்சிக்காக வேட்டையாடியவர் கிராமத்தவர். துப்பாக்கிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் பணம் கட்ட முடிந்த துரை சட்டப்படியான வேட்டைக்காரராக நிலைத்தார். கட்ட முடியாத கிராமத்தவர் திருட்டு வேட்டைக்காரரானார். எந்தக் காட்டில் எத்தனை மரை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வகுத்த பங்கீடு அல்ல அது. ஆளைப் பார்த்து வகுத்த பங்கீடு.

1937ஆம் ஆண்டில் இரண்டு நாடுகளும் காட்டுயிர்ப் பாதுகாப்பை வலுப்படுத்த முனைந்தன. அந்த ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்கா இயற்றிய பிட்மன்–ரொபர்ட்சன் சட்டம், நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரியைக் காட்டுயிர் மீட்புக்கென்றே மாநிலங்களுக்குத் திருப்பியது. வேட்டைக்காரர் செலுத்தும் பணம் காட்டுக்கே போய்ச்சேர வழி பிறந்தது. அதே ஆண்டு இலங்கையில் வந்தது 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1938இல் யாலை தேசியப் பூங்காவானது; உடவத்தகெலே சரணாலயமானது. ஹோர்ட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகி 1988இல் பூங்காவானது. இன்று மரையைச் சுட இலங்கையில் எவருக்கும் அனுமதி இல்லை, குலுக்கலும் இல்லை.

விந்தை என்னவென்றால், இலங்கை மரையின் வழித்தோன்றல்களைச் சுட வேறு நாட்டில் அனுமதி கிடைக்கிறது. 1875 வாக்கில் இங்கிருந்து கொண்டுபோன மரைகள் நியூசிலாந்தின் மனவாட்டுப் பகுதியில் பெருகின. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் 1860களில் மரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே இப்போது உரிமம் பெற்றவர் ஆண்டு முழுவதும் எண்ணிக்கை வரம்பில்லாமல் சுடலாம்.

முழுத்தடையையே நானும் ஆதரிக்கிறேன். இவ்வளவு சிறிய தீவில், துண்டுதுண்டாக எஞ்சிய மலைக்காட்டில், பங்கிட்டுச் சுடும் அளவுக்கு மரை இல்லை. ஆனால் தடையைக் காவல்காக்க ஆள் வேண்டும். நக்கிள்ஸ் அடிவாரத்திலும் தேயிலைத் தோட்டங்களின் ஓரங்களிலும் பன்றிக்கும் மானுக்கும் வைக்கும் சுருக்குக் கம்பிக்கு ஆண் பெண் தெரியாது, பருவம் தெரியாது, இனமும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் அப்படியொரு கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனது. மரையை நம்பி வாழும் சிறுத்தை மரைக்கு வைத்த கம்பியிலேயே மாட்டிக்கொள்கிறது. தோட்ட எல்லைகளில் கம்பியைத் தேடி அகற்றும் வேலையை, லயத்து மக்களையும் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொண்டு, ஒழுங்காகச் செய்தாக வேண்டும். அதற்குப் பணத்தைப் பூங்கா வாசலிலேயே எடுக்கலாம். உள்ளூரார், வெளியார் கோடு இன்று அங்கேதான் இருக்கிறது: ஹோர்ட்டன் சமவெளியில் வெளிநாட்டவரின் நுழைவுச்சீட்டு நம்முடையதைவிடப் பல மடங்கு விலை. அந்த வருமானத்தில் ஒரு பங்கைக் கம்பி அகற்றுவதற்கென்றே சட்டத்தில் ஒதுக்கிவைக்க, பிட்மன்–ரொபர்ட்சன் சட்டம் நமக்கு முன்மாதிரியாக இருக்கிறது.