தொலையளவை: மழைமானி முதல் வழங்கிக் கணினி வரை

கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் பெருவழியில் நின்று இறம்பொடை நீர்வீழ்ச்சியின் எழிலைக் கண்டு மகிழ்வோர் பலராவர். அவ்வருவியைப் பெருக்கும் மழையே சாய்மலைகளின் மண்ணை நெகிழ்வித்து இலயங்களின்மேற் சரிக்கவும் வல்லது என்பதை மலைநாட்டார் நன்கறிவர். 2025ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய 'டித்வா' சூறாவளி மலையகத்தில் விளைத்த மண்சரிவுகள் இதனை மீண்டும் உணர்த்தின. எட்டாத இடத்தில் நிகழ்வதை அளந்து, உரியவர்க்கு உரிய காலத்தில் உரைப்பதே தொலையளவை எனப்படும். அதனைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தானியங்கி மழைமானியின் உள்ளே தராசு போன்ற இரு சிறு கிண்ணங்கள் உள. ஒன்று நிறைந்ததும் கவிழ்ந்து நீரைச் சிந்த, மற்றையது ஏந்தி நிற்கும். ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீற்றர் மழை எனக் கொண்டால், 500 கவிழ்ப்புகள் 100 மில்லிமீற்றராகும். ஒவ்வொரு கவிழ்ப்பையும் மின்துடிப்பாக எண்ணிக் குறித்து, கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே தலைமையிடத்துக்கு அனுப்புகின்றது கருவி.

எண்ணுவது எளிது, எண்ணியதைக் கூட்டுவதிலேதான் நுட்பம் உளது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பையும், 100ஐக் கடந்தால் ஆயத்தத்தையும், 150ஐக் கடந்தால் வெளியேற்றத்தையும் வேண்டுகின்றது. நாடோறும் காலை 8.30 மணிக்கு ஏடெழுதும் பழைய முறையை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவு முதல் 8.30 வரை 80, பின்னர் மாலை 4 மணி வரை 80 எனப் பெய்தால், ஏட்டில் இரு நாட்களுக்கும் எண்பது எண்பதே விழும். ஆயின் மலையின்மேல் 16 மணி நேரத்தில் 160 பெய்துவிட்டது! ஆதலின், எக்கணமும் அதற்கு முந்திய 24 மணி நேரத்தையே கூட்டும் நகர்கூட்டல் வேண்டப்படுகின்றது.

மற்றொன்றும் உண்டு. மழை இல்லையெனில் கருவி சுழியத்தை அனுப்பும். கருவி பழுதுறினோ எதனையும் அனுப்பாது. மௌனத்தைச் சுழியம் என்று கொள்ளும் மென்பொருள், பெருமழையில் தொடர்பு அறுந்த வேளையிலே 'மழை இல்லை' எனப் பொய்யுரைக்கும். எனவே ஒவ்வோர் அளவும் தான் அளக்கப்பட்ட நேரத்தைத் தாங்கி வருதல் வேண்டும்.

இதே முறை உலகின் பெருங் கணினிக் கூடங்களிலும் வழங்குகின்றது. ஒவ்வொரு வழங்கிக் கணினியிலும் அதனைக் காக்கும் சிறு மேற்பார்வைக் கணினி ஒன்று தனித்து இயங்கும். பெரியது அணைந்திருப்பினும் மின்னிணைப்பு உள்ளவரை இது விழித்திருந்து, வெப்பம், விசிறியின் வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றை அளக்கும். 2015இல் வெளியான 'ரெட்பிஷ்' என்னும் பொதுநியமம் இவ்வறிக்கைகளுக்குப் பொதுவான வடிவம் வகுத்தது. குறித்த இடைவெளியில் அனுப்புதல், மாறும்போது அனுப்புதல், கேட்டபோது தருதல் என அறிக்கை பல வகைப்படும். எல்லை கடந்தால் உடனே அறிவிக்கும் தூண்டலும் உண்டு. சராசரி, உச்சம், கூட்டுத்தொகை என்பனவற்றை அச்சிறு கணினியே கணித்துத் தரவும் வல்லது.

வழங்கியின் வெப்பம் எல்லை மீறின், விசிறி தானே விரைந்து சுழலும். மலைச்சரிவிலோ அவ்வாறு தானே இயங்குவது ஒன்றுமில்லை. மனிதரே எழுந்து செல்லல் வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் இலயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மாற்றிடமும் வீடும் இல்லாத தொழிலாளி எங்ஙனம் எழுந்து செல்வான்?

ஆதலின், அறிவிப்பு தோட்டத்தின் இறுதி இலயம் வரை தமிழிற் சென்று சேர்தலும், சென்றடையப் பாதுகாப்பான நிலம் இருத்தலும் தொலையளவையின் உறுப்புகளே என்போம். கணிதமும் மின்னணுவியலும் கற்கும் நம் மாணவர் இத்துறையிற் புகுவாராக. கருவியைச் செய்வதோடு அமையாது, அதன் சொல் யார் செவியிற் சேர்கின்றது என்பதையும் வினவுவாராக.