பள்ளிக்கூடத்துச் சுவரும் நமது பாஷையும்

சில வருஷங்களுக்கு முன்பு, புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் உபாத்தியாயராக இருந்தேன். ஐப்பசி மாதம். மழை மூன்று நாட்களாக விடவில்லை. என் வகுப்பின் மேற்குச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆகவே, பிள்ளைகளை எல்லாம் அந்தச் சுவரை விட்டு நகர்த்தி, கிழக்குப் பக்கத்தில் நெருக்கமாக உட்காரவைத்தேன். "கட்டிடம் மிகவும் மோசமான நிலையில் இருக்கிறது" என்று மேலிடத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன்.

"விவரம் தேவை" என்று பதில் வந்தது. நான் மறுபடி எழுதினேன். இம்முறை 'மிக மிக மோசம்' என்று ஒரு 'மிக'வைக் கூட்டியிருந்தேன். என்னிடம் இருந்த விவரம் அவ்வளவுதான்.

கடைசியில் ஓர் இஞ்சினீயர் வந்தார். விரிசலை விரல் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "இது பூச்சு வெடிப்பு, ஐயா. சுவர் வெடிக்கவில்லை" என்றார். பிறகு அவர் நிமிர்ந்து, கிழக்குப் பக்கத்துக் கூரையைப் பார்த்தார். அங்கே கான்கிரீட்டின் அடிப்பரப்பில் செம்பழுப்பான ஒரு கறை நீளமாகப் படர்ந்திருந்தது. கையில் இருந்த கம்பால் தட்டினார். வெற்றுக் குடத்தைத் தட்டினாற்போல் 'டொப்' என்று சத்தம் வந்தது. "அபாயம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளை யார் இதன் கீழே உட்காரவைத்தது?" என்று கேட்டார்.

உட்காரவைத்தவன் நான்தான். அன்றே வகுப்பை வேறு கட்டிடத்துக்கு மாற்றினோம். கார்த்திகை பிறந்த சில நாட்களில், ஓர் இரவு, அந்தப் பகுதிக் காரை ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது, முதல் வரிசைப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் அது கிடந்தது. நான் பி.ஏ. படித்தவன், பல வருஷங்களாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவன். ஆனால் என் தலைக்கு மேல் இருந்த கூரை சொல்லிய ஒரு வார்த்தை எனக்கு விளங்கவில்லை.

இந்த அனுபவத்தை நான் எழுதுவதற்குக் காரணம், நமது தேசத்தில் பள்ளிக் கட்டிடங்களுக்குச் சட்டம் இல்லை என்று பலர் நினைப்பதுதான். சட்டத்துக்குக் குறைவில்லை. 1964-ஆம் வருஷம் மதுரையில் ஒரு பள்ளிக் கட்டிடம் இடிந்து விழுந்து, முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் மாண்டார்கள். மறு வருஷமே, 1965-இல், பொதுக் கட்டிடங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டம் நமது மாகாணத்தில் பிறந்தது. கட்டிட உரிமம், கட்டிட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று என்ற நான்கு காகிதங்களைத் தனியார் பள்ளி நடத்துவோர் எல்லோரும் அறிவார்கள்.

அப்படியிருந்தும் 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் நடந்ததை யார் மறக்க முடியும்? சமையற்கூடத்தில் எழுந்த நெருப்பு, மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. தொண்ணூற்று நான்கு குழந்தைகள் வெந்து மடிந்தார்கள். அதற்குப் பிறகு, 2009-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டார் ஒரு தீர்ப்பில், பத்திரமான பள்ளியில் கல்வி கற்பது குழந்தையின் அடிப்படை உரிமையைச் சேர்ந்தது என்றும், பள்ளிகள் தேசியக் கட்டிட விதித்தொகுப்பை அநுசரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆயினும் 2021 டிசம்பர் 17-ஆம் தேதி, திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறையின் முன்சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வகுப்பறையைப் பற்றியே யோசித்த நமக்குக் கழிப்பறைச் சுவரும் 'கட்டிடம்'தான் என்று தோன்றவில்லை!

பிற தேசத்தாரும் துன்பப்பட்டே இதைக் கற்றிருக்கிறார்கள். 1933-ஆம் வருஷம் மார்ச் 10-ஆம் தேதி மாலை, அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தின் லாங் பீச் நகரில் பூகம்பம் உண்டாயிற்று. பல பள்ளிக் கட்டிடங்கள் பொடிப்பொடியாயின. பள்ளி விட்டுவிட்ட நேரம், அதனால் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒரே மாதத்தில், ஏப்ரல் 10-ஆம் தேதி, பள்ளிக் கட்டிடங்களுக்கென்று 'பீல்டு சட்டம்' அங்கே நிறைவேறியது. பிள்ளைகளைக் கூட்டமாகப் பறிகொடுக்கும் முன்பே அவர்கள் விழித்துக்கொண்டார்கள். நாம் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகே விழிக்கிறோம்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் பாஷை என்பது என் அபிப்பிராயம். 'உறுதிச் சான்று' என்று பெற்றோர் கேட்டால், 'என் குழந்தைக்கு ஆபத்து இல்லை' என்று பொருள் கொள்கிறார்கள். அதை எழுதிய இஞ்சினீயரோ, 'நான் பார்த்த அன்று இந்தத் தூணும் சுவரும் பாரத்தைத் தாங்கும்' என்ற அளவில் நிற்கிறார். மாடிப்படியின் கீழே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருப்பதும், பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டிருப்பதும் அந்தக் காகிதத்தில் இரா. தலைமை ஆசிரியர் 'பழுது' என்பார். ஆபீஸில் அது 'மராமத்து' ஆகும். மராமத்து என்றால் வெள்ளையடிப்பு என்று காண்டிராக்டர் அர்த்தம் செய்துகொள்வார். ஒரே சுவரைப் பற்றி நாலு பேர் நாலு பாஷை பேசினால், சுவர் யாருக்காகக் காத்திருக்கும்?

ஆகவே, நாம் எல்லோரும் ஒரே பொருளில் வழங்கவேண்டிய சில சொற்களை இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலாவது, விரிசல். பூச்சில் மட்டும் இருப்பது பூச்சு வெடிப்பு. செங்கல்லையும் பிளந்து சுவரின் மறுபுறத்திலும் தெரிவது சுவர் வெடிப்பு. அது வளருகிறதா என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. விரிசலின் குறுக்கே சாந்தினால் மெல்லிய பட்டை ஒன்று பூசி, அதன்மேல் தேதி எழுதி வையுங்கள். பட்டை உடைந்தால் சுவர் நகருகிறது என்று அர்த்தம். 'மிக மோசம்' என்று எழுதுவதைவிட, 'புரட்டாசி பத்தாந் தேதி பூசிய பட்டை ஐப்பசி இரண்டாந் தேதி உடைந்தது' என்று எழுதினால், எந்த ஆபீஸும் விவரம் கேட்க முடியாது.

இரண்டாவது, துருக்கறை. ஈரம் புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால், அது பருத்துத் தன்மேல் உள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளும். கறை, உப்பல், வெற்றோசை, பெயர்ப்பு என்று அது படிப்படியாக முன்னறிவிப்புக் கொடுக்கிறது. கறையைக் கண்டவுடனே அதன் கீழிருந்து பிள்ளைகளை விலக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியேறும் வழி. வாசல் இருக்கிறது என்பது போதாது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். பள்ளி நேரத்தில் பூட்டியிருக்கலாகாது. மாடிப்படியின் அகலம் ஒன்றரை மீட்டராவது இருக்கவேண்டும் என்கிறது தேசிய விதித்தொகுப்பு. அந்த அகலம் முழுவதும் காலியாக இருந்தால்தான் அது வழி. பாதியில் சாமான் இருந்தால் அது சாமான் அறை.

நான்காவது, தனிச்சுவர். மதில், கழிப்பறை மறைப்பு, சைக்கிள் கொட்டகைத் தூண் ஆகியவை கூரையின் பிடிப்பு இல்லாமல் தனித்து நிற்பவை. மழையில் அடிமண் இளகினால் முதலில் சாய்பவையும் இவையே.

இந்த ஜில்லாவாசிகளுக்கு இது புதிய பாடமன்று. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது, தென்னந்தோப்புகள் எப்படிச் சாய்ந்தன என்பதை நேரில் கண்டவர்கள் நாம். அத்தகைய காலத்தில் வீடிழந்த ஜனங்கள் முதலில் எங்கே ஓடுகிறார்கள்? பள்ளிக்கூடத்துக்குத்தான். தேர்தலில் வோட்டுப் போடுவதும் அங்கேதான். எனவே அது பிள்ளைகளுக்கு மட்டும் சொந்தமான கூரையன்று. ஊர் முழுவதற்கும் கூரை.

1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இந்த ஜில்லாவில் பல்லாயிரம் பெண்கள் அரிச்சுவடி கற்றார்கள். கூடவே சைக்கிள் விடவும் கற்றார்கள். வயல் வேலை முடிந்து வந்து, லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிய அந்தத் தாய்மாருக்கு மேற்சொன்ன நாலு சொற்கள் பெரிதாகுமா? 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில், நால்வரில் மூவர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அக்குழு கூடும் நாளில் தேநீர் அருந்திக் கையெழுத்திட்டுத் திரும்புவதோடு நில்லாமல், எல்லோருமாக ஒருமுறை கட்டிடத்தைச் சுற்றி வரலாம். ஒரு கம்பு, ஒரு நூல், ஒரு நோட்டுப் புஸ்தகம் இருந்தால் போதும். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை.

சுயராஜ்யம் வந்தபின், பள்ளிக்கூடம் நம்முடையது. அதன் சுவரும் நம்முடையதுதான். இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளியில், ஆண்டுதோறும் ஆவணி பிறந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுவர்களைப் பார்வையிடுகிறேன். சென்ற வருஷம் ஒரு சிறுமி மேலே கை காட்டி, "ஐயா, அங்கே துருக்கறை!" என்றாள். கம்பால் தட்டிப் பார்த்தேன். வெற்றோசைதான். அன்று நான் எழுதிய கடிதத்தில் 'மோசம்' என்ற வார்த்தையே இல்லை. அறை, திசை, அளவு, தேதி ஆகியவை மாத்திரம் இருந்தன. இருபது நாட்களுக்குள் ஆள் வந்து பார்த்துச் செப்பனிட்டார்கள்.