நரோராவில் டார்ச் வெளிச்சம்

ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் பொருள் ஒன்று உண்டு. வெளியேறும் கதவுக்கு மேலே பச்சைப் பலகை. பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. அதற்குள் ஒரு பேட்டரி, ஒரு விளக்கு. கரண்ட் போனால் தானாக எரியும். சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு இளைஞர் என்னிடம், "சார், கல்பாக்கம் மாதிரி அணுமின் நிலையத்திலும் இதே விளக்குதானா?" என்று கேட்டார். சென்னைக்கு வடக்கே நாம் இருக்கிறோம், தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் கல்பாக்கத்தில் இல்லை. கங்கைக் கரையில், உத்தரப்பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டத்தில் உள்ள நரோராவில் இருக்கிறது.

1993 மார்ச் 31-ஆம் தேதி. விடியற்காலை மூன்றரை மணி. நரோராவின் முதல் யூனிட், 220 மெகாவாட், ஓடிக்கொண்டிருந்தது. டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு பிளேடுகள் உலோகச் சோர்வினால் முறிந்து பறந்தன. சமநிலை கெட்ட டர்பைன் பயங்கரமாக அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்க அதற்குள் ஹைட்ரஜன் வாயு நிரப்பியிருப்பார்கள். அதிர்ச்சியில் அது வெளியே கசிந்து தீப்பிடித்தது. கூடவே மசகு எண்ணெயும் எரிந்தது. பணியில் இருந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே உலையை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு எவ்வளவு பாராட்டு சொன்னாலும் தகும்.

பிறகுதான் சோதனை ஆரம்பித்தது. நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன, பேட்டரிகளும் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்ற ஏற்பாடு காகிதத்தில் சரியாகவே இருந்தது. ஆனால் முதல் வழிக் கேபிளும் மாற்று வழிக் கேபிளும் ஒரே பாதையில், இடையில் தக்க தீத்தடுப்பு இல்லாமல் ஓடின. தீ இரண்டையும் சேர்த்தே தின்றுவிட்டது. நிலையம் முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. புகை கட்டுப்பாட்டு அறைக்குள் புகுந்தது. அங்கிருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மின்சாரம் திரும்ப 17 மணி நேரம் ஆனது.

உலையை நிறுத்திய பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் சுடுவது போல என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அந்த உவமை போதாது. கல்லில் இருப்பது பழைய சூடு. உலையில் பிளவு நின்ற பிறகும், உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து புதிது புதிதாகச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய உடனே அது முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம். 220 மெகாவாட் மின்சாரத்துக்கு உலையில் சுமார் 750 மெகாவாட் வெப்பம் வேண்டும் என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: 40 மெகாவாட்டுக்கும் மேல். மணிக்கு மணி அது குறையும் என்றாலும், தண்ணீர் போய்க்கொண்டே இருந்தாக வேண்டும்.

பம்புகளுக்குக் கரண்ட் இல்லை. தீயணைப்புக்காக வைத்திருந்த, தனி டீசல் என்ஜினில் ஓடும் பம்புகளைக் கையால் இயக்கிவிட்டு, நீராவி உற்பத்திக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். இன்னொரு கவலையும் இருந்தது. உலை குளிரக் குளிர, மறுபடி பிளவு தொடங்கிவிடுமோ என்ற அச்சம். அதைத் தடுக்க நியூட்ரான்களை விழுங்கும் போரான் கரைசலை உலைக்குள் விடவேண்டும். அதற்கான வால்வுகள் மேலே. சிலர் கையில் டார்ச் லைட்டுடன் இருட்டில் உலைக் கட்டடத்தில் ஏறி, வால்வுகளைக் கையால் திறந்தார்கள். கரைசல் தன் பாரத்தாலேயே கீழே இறங்கியது. கதிரியக்கம் வெளியே பரவவில்லை. சர்வதேச அளவுகோலில் இந்த விபத்துக்கு மூன்றாம் நிலை கொடுக்கப்பட்டது.

அந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் செலவிட்ட ஏற்பாடுகள் எல்லாம் போனபின், மிச்சம் இருந்தது மனிதனின் கண்ணும் கையும். கண்ணுக்கு வெளிச்சம் தந்தது ஒரு டார்ச் லைட்.

இளைஞர் கேட்டதற்கு இனிப் பதில் சொல்லலாம். தொழிற்சாலைக் கதவுமேல் இருக்கும் விளக்கு வெளியே ஓடுவதற்கு. நம் நாட்டுக் கட்டட விதித்தொகுப்பு அதற்குக் கேட்பது ஒன்றரை மணி நேரம். அத்தனை நேரத்தில் எல்லோரும் வெளியே வந்துவிடலாம். அணுமின் நிலையத்திலோ சிலர் வெளியே போகக்கூடாது. உள்ளே போய் வால்வைத் திருக வேண்டும், மீட்டரைப் படிக்க வேண்டும். ஆகவே அங்கே விளக்கின் கணக்கே வேறு.

அந்தக் கணக்கை உலகம் கற்றுக்கொண்டது ஒரு மெழுகுவர்த்தியினால். 1975 மார்ச் 22 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், கேபிள்கள் சுவரைக் கடக்கும் துளைகளில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க மெழுகுவர்த்திச் சுடரைப் பிடித்தார்கள். அடைப்புக்கு வைத்திருந்த நுரைப்பஞ்சு பற்றிக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் தீ எரிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. அதன் பலனாக அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1980-இல் கொண்டுவந்த தீத்தடுப்பு விதிகளில் ஒன்று விளக்கைப் பற்றியது. உலையைப் பத்திரமாக நிறுத்தக் கருவிகளை இயக்க வேண்டிய எல்லா இடங்களிலும், அங்கே போய்வரும் வழிகளிலும், குறைந்தது 8 மணி நேரம் எரியும் பேட்டரி விளக்கு இருக்கவேண்டும். "வழிகளிலும்" என்ற சொல்லை எழுதியவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். வால்வின் தலைமேல் விளக்கு இருந்து, படிக்கட்டில் இல்லாவிட்டால் என்ன பயன்?

கேபிள்களைப் பிரித்துப் போடவேண்டும் என்ற பாடமும் அதே விபத்தில் கிடைத்ததுதான். நரோரா எரிந்தது அதற்குப் பதினெட்டு வருஷம் கழித்து.

விதி என்றால் விலக்கும் உண்டு. ஆபத்தைக் கூட்டாமல், விதியின் நோக்கம் வேறு வழியில் நிறைவேறுமானால் விலக்குத் தரலாம் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. அப்படிக் கேட்டு வாங்கிய நிலையங்கள் உண்டு. உதாரணமாக, திறந்தவெளியில் நடந்து போகும் பாதையில் பேட்டரிப் பெட்டி வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போகும். அங்கே தனி டீசல் ஜெனரேட்டரில் எரியும் காவல் விளக்குகள் போதும் என்பார்கள். உலைக் கூடத்தின் உள்ளே வெப்பத்தில் பேட்டரி தாங்காது. கைவிளக்கு வைத்துக்கொள்கிறோம் என்பார்கள்.

இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். ரயில்வேயில் இருந்தவனுக்குக் கைவிளக்கின் அருமை தெரியும். நாங்கள் கார்டு என்று சொல்லிப் பழகியவருக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர். பெயர் மாறினாலும் இரவில் கைவிளக்கு இல்லாமல் அவர் வண்டி ஏறமுடியாது. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் பின்னால் நடந்துபோய்த் தண்டவாளத்தில் பட்டாசு வைக்க வேண்டியவர் அவர். சுவரில் மாட்டிய விளக்கு அவரோடு நடந்து வராது. ஆனால் கைவிளக்கை நம்பி விலக்குத் தருகிறவர், ஒரு கையில் விளக்குப் பிடித்தவன் ஏணியில் எப்படி ஏறுவான், இரண்டு கையாலும் திருக வேண்டிய வால்வை எப்படித் திருகுவான் என்று கேட்டாக வேண்டும். மூச்சுக் கருவி மாட்டியிருப்பவனுக்குப் புகையில் எவ்வளவு தூரம் தெரியும் என்பதும் அந்த ஃபைலில் இருக்கவேண்டும். கையெழுத்துப் போடும் முன் ராத்திரியில் விளக்குகளை அணைத்துவிட்டு அதே பாதையில் ஒருமுறை நடந்து பார்ப்பது உத்தமம்.

8 மணி நேரமே போதுமா என்பதும் யோசிக்கத்தக்கது. நரோராவில் அப்படிப்பட்ட விளக்குகள் முழுக்க வேலை செய்திருந்தாலும், பகல் பன்னிரண்டுக்கு முன்பே அணைந்திருக்கும். வெளியே வெயில், ஜன்னல் இல்லாத கேபிள் கூடத்தில் நடுராத்திரி. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது கட்டுப்பாட்டு அறைகளே இருண்டன. டார்ச் வெளிச்சத்தில் மீட்டர் பார்த்தார்கள். மீட்டருக்கே கரண்ட் இல்லாதபோது, வளாகத்தில் நின்ற கார்களின் பேட்டரியைக் கழற்றிவந்து இணைத்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். பெட்டியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். பேட்டரி செத்துக்கொண்டிருந்தாலும் ஒரு நிமிடம் எரியும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தடா பக்கத்து மே மாத வெயிலில், தகரக் கூரையின் கீழே மாட்டிய பெட்டியின் கதி என்ன என்று சொல்லவேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது மெயின் சப்ளையை நிறுத்தி, ஒன்றரை மணி நேரமும் எரியவிட்டுப் பார்க்கவேண்டும். மறுபடி முழுதாகச் சார்ஜ் ஏற ஒரு நாள் பிடிக்கும் என்பதால், எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் சோதிக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் செய்வது நல்லது.