உப்போடு சர்க்கரை ஏன்?

வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து போவது தண்ணீர். அப்படியானால் தண்ணீர் குடித்தால் போதாதா? கூடவே உப்பும் போகிறது என்கிறார்கள். சரி, உப்புத் தண்ணீர் குடிக்கலாமே, அதில் சர்க்கரை எதற்கு? ஓ.ஆர்.எஸ். (இழந்த நீரையும் உப்பையும் வாய்வழியே ஈடுகட்டும் கரைசல்) பாக்கெட்டைக் கையில் வாங்கும்போது உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கலாம். குழந்தை குடிக்க வேண்டுமே என்று ருசிக்காகச் சேர்க்கிறார்கள், அல்லது தெம்புக்காகச் சேர்க்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

இரண்டும் இல்லை. பேதி கடுமையாக இருக்கும்போது, சர்க்கரை துணைக்கு வந்தால்தான் உப்பு குடலிலிருந்து உடம்புக்குள் நுழையும். உப்பு நுழைந்தால்தான் தண்ணீர் பின்னால் வரும். இது ஏன் என்று தெரிய, குடலின் உட்சுவரில் இருக்கும் செல்லின் (உயிரணுவின்) மேலுறை வரைக்கும் போக வேண்டும்.

அந்த மேலுறைக்குச் சவ்வு என்று பெயர். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று அமைந்தது. 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சுக்காரர்கள் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின் மேல் பரப்பிப் பார்த்தார்கள். செல்களின் மொத்தப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடத்தை அது பிடித்தது. இரண்டு அடுக்கு என்பது அப்படித்தான் தெரிந்தது. ஒரு லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வராது.

இவ்வளவு மெல்லியது எதைத் தடுத்துவிடும் என்று தோன்றலாம். கொழுப்பும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் பலம். ஆக்சிஜன் தடையில்லாமல் உள்ளே போகும், கரியமில வாயு வெளியே வரும். ஆனால் நீரில் கரைந்த உப்பும் சர்க்கரையும் இந்தக் கொழுப்பைத் தாண்ட முடியாது. தண்ணீரேகூட மெதுவாகத்தான் கசியும்.

அப்படியானால் செல் எப்படிச் சாப்பிடுகிறது? சவ்வில் ஆங்காங்கே புரதங்கள் பதிந்திருக்கின்றன. உள்ளே எது போகலாம், வெளியே எது வரலாம் என்பதை முடிவு செய்பவை அவைதான். சில புரதங்கள் நடுவில் துளையுள்ள வெறும் வழிகள். தண்ணீருக்கு மட்டுமேயான ‘அக்வாபோரின்’ அப்படி ஒன்று. அதைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரே 2003இல் நோபல் பரிசு பெற்றார். சில புரதங்கள் ஒரு பொருளை இந்தப் பக்கம் பிடித்து, தம் வடிவத்தை மாற்றி, அந்தப் பக்கம் விடும். இன்னும் சில, சக்தியைச் செலவழித்து எதிர்த்திசையில் தள்ளும். இவற்றைப் பம்பு என்றே சொல்கிறார்கள்.

பம்புகளில் முக்கியமானது சோடியம்-பொட்டாசியம் பம்பு. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டுக்கால் நரம்புகளை வைத்து ஆராய்ந்து, 1957இல் இதைப் பற்றி எழுதினார். நம் சமையல் உப்பில் இருக்கும் சோடியத்தில் மூன்று அணுக்களை (மின்னேற்றம் கொண்டவை) இந்தப் பம்பு செல்லுக்கு வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) தீரும். நீங்கள் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது.

இவ்வளவு செலவு செய்து சோடியத்தை ஏன் வெளியே தள்ள வேண்டும்? மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நீர் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்பதால்தான் மதகைத் திறந்தால் வேலை நடக்கிறது, சுழலி சுற்றுகிறது. செல்லுக்கு வெளியே சோடியம் உள்ளே இருப்பதைப்போல் பத்து மடங்கு. அது எப்போதும் உள்ளே பாயத் துடிக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் சேமிப்பு. அதை வைத்துச் செல் பல காரியங்களைச் சாதித்துக்கொள்கிறது.

அவற்றில் ஒன்றுதான் சர்க்கரையை இழுப்பது. குடல் செல்லின் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற புரதம் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். தனியாக வந்தால் விடாது. இந்தக் கூட்டு நுழைவை ஆய்வாளர் ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். உப்பும் குளுக்கோஸும் உள்ளே போனதும், அவை இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் தானாக வந்துசேரும்.

காலரா வந்தால்? அந்தக் கிருமியின் நஞ்சு, குளோரைடு வெளியேறும் வழியை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்தொடர்கின்றன. உப்பை உறிஞ்சும் வழக்கமான வழியும் முடங்கிப்போகிறது. ஆனால் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து விடும் வாசலை நஞ்சு தொடுவதில்லை. நோயாளி பிழைப்பது அந்த ஒரு வாசலால்.

1971இல் வங்கதேசப் போர் நேரத்தில் இது ஊரறிய நிரூபணமானது. மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் எல்லையில் அகதிகளிடையே காலரா பரவியது. இரத்தக்குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்துப் பெரிய கலன்களில் வைத்து, உறவினர்களே மொண்டு கொடுக்கும்படி செய்தார். 30 சதவீதம்வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. படித்த செவிலியர் இல்லாமல் தாயும் அண்ணனும் கொடுத்தே இது நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொடியைப் பாதி லிட்டரில் போடலாமே என்றால், வேண்டாம். உள்ளே உப்பும் குளுக்கோஸும் சமமாகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 200 மி.லி. பாக்கெட்டும் கிடைக்கிறது, சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு அது வசதி. கொதித்து ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டால் குழந்தை விரும்பிக் குடிக்குமே? போடாதீர்கள். 2002இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவில், ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். பாக்கெட்டின் முழுக் கலவையில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றன. சர்க்கரை மிஞ்சினால் அது குடலிலேயே தங்கி, உடம்பிலிருக்கும் நீரையும் தன் பக்கம் இழுக்கும். பேதி அதிகமாகும். பாட்டில் குளிர்பானமும் டப்பா ஜூஸும் உதவாததற்குக் காரணம் இதுதான். பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டுச் சர்க்கரைப் பானம் விற்பதற்கு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. பழைய சரக்கு கடையில் இருக்கலாம். பெயரைப் பார்க்காமல் அளவைப் படியுங்கள்.

பாக்கெட் கையில் இல்லையென்றால்? ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் அளவில் கண்டிப்பாக இருங்கள். உப்புப் போட்ட கஞ்சியும் நல்லது. அரிசியின் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகிறது. அதே வாசல் வழியே உப்போடு உள்ளே போகிறது. நம் வீடுகளில் பேதிக்குக் கஞ்சி கொடுத்தது சும்மா இல்லை.

“இதைக் கொடுத்தும் பேதி நிற்கவில்லையே” என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்த வந்த மருந்து இல்லை. போவதை ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. பேதி தானாக நிற்கும்வரை உயிரைக் காக்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ கரைசலோடு காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பம்பு ஓட ஏ.டி.பி. வேண்டும் என்றோம். அது எங்கிருந்து வருகிறது? செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன உறுப்புகள் இருக்கின்றன. அவற்றின் உட்சவ்விலும் அணையின் அதே தந்திரம்தான். நீங்கள் சாப்பிட்ட உணவிலிருந்து உருவிய எலக்ட்ரான்களைச் சவ்வுப் புரதங்கள் கைமாற்றிக்கொண்டே போய், கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. கைமாறும்போது கிடைக்கும் சக்தியில் புரோட்டான்களை (ஹைட்ரஜனின் கருக்களை) ஒரு பக்கமாகத் தள்ளிக் குவிக்கின்றன. குவிந்தவை திரும்பிவர ஒரே நல்ல வழி, சுழலக்கூடிய ஒரு புரதம். அவை அதன் வழியே வரும்போது அது சுற்றுகிறது. சுற்றும்போது ஏ.டி.பி. உருவாகிறது. நாம் மூச்சு விடுவது ஏறக்குறைய முழுக்க இதற்காகத்தான்.

புரோட்டான்கள் குவிவதுதான் ஏ.டி.பி.யை உருவாக்குகிறது என்று 1961இல் ஆய்வாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அவர் பல்கலைக்கழக வேலையை விட்டு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்து, அங்கேயே ஆய்வு செய்தார். 1978இல் நோபல் கிடைத்தது. 1997 வேதியியல் நோபலில் பாதி, அந்தச் சுழலும் புரதத்தை விளக்கிய பாயருக்கும் வாக்கருக்கும் போனது. மறுபாதி, நண்டு நரம்பை ஆராய்ந்த ஸ்கோவுக்கு. ஏ.டி.பி.யைச் செய்யும் புரதத்துக்கும் செலவழிக்கும் புரதத்துக்கும் ஒரே ஆண்டில் பரிசு.

மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? புரோட்டான்கள் சுழலியைச் சுற்றாமலே திரும்பிவிடும். சக்தி ஏ.டி.பி. ஆகாமல் வெறும் சூடாகப் போகும். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் இது இயல்பாகவே அளவோடு நடக்கிறது. நடுங்காமலே அதற்கு உடம்பு சூடாக இருப்பது இதனால்தான். இதையே மாத்திரையாக்கி உடம்பை இளைக்க வைக்க 1933இல் அமெரிக்காவில் முயன்றார்கள். டி.என்.பி. (டைநைட்ரோபீனால்) என்ற மஞ்சள் பொடி. எடை குறைந்தது உண்மை. கண் புரை வந்தது, சிலர் உள்ளுக்குள்ளேயே வெந்து செத்தார்கள். 1938இல் மனிதர்களுக்குக் கொடுப்பது நின்றது. இணையத்தில் இன்றும் ‘கொழுப்பைக் கரைக்கும்’ பொடியாக இது விற்கிறது. முறிமருந்து கிடையாது. யாராவது பரிந்துரைத்தால் தொடாதீர்கள்.

சயனைடு செய்வது வேறு வேலை. எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுக்கும் கடைசிப் புரதத்தை அது அடைத்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் பயன்படுத்த முடியாது. மரவள்ளிக் கிழங்கில் சயனைடைத் தரும் பொருள் கொஞ்சம் உண்டு. பச்சையாகத் தின்னாமல், தோலுரித்து, நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் பயமில்லை. கசக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

மறுபடி வாசல் புரதங்களுக்கு வருவோம். சர்க்கரை நோய் உள்ளவரா நீங்கள்? தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் போக வேறொரு வாசல் புரதம் வேண்டும். இன்சுலின் வந்து சொன்னால்தான் அது உள்ளிருந்து சவ்வுக்கு வரும். ஆனால் தசை வேலை செய்தால், இன்சுலின் சொல்லாமலே வரும். சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள், குடல் வாசலின் உறவுக்காரப் புரதத்தைச் சிறுநீரகத்தில் அடைக்கின்றன. சிறுநீரகம் வடிக்கும் குளுக்கோஸ் இரத்தத்துக்குத் திரும்பாமல் சிறுநீரோடு போய்விடும். ஆகவே இவற்றைச் சாப்பிடுபவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை நிறையக் காட்டும். நோய் முற்றிவிட்டது என்று பதற வேண்டாம். அந்தரங்க உறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தமாக இருங்கள். வாந்தி, பேதி, பட்டினி, அறுவை சிகிச்சை என்று வந்தால் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்று எரிச்சலுக்கு வாங்கும் ஒமிபிரசோல், பான்டோபிரசோல் அடைப்பதும் ஒரு பம்பைத்தான். இரைப்பையில் அமிலத்தைத் தள்ளும் பம்பை. வெறும் வயிற்றில் இந்தப் பம்புகளில் பெரும்பாலானவை செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும், சாப்பாடு வந்ததும் மேலே வரும். மேலே வந்து ஓடும் பம்பைத்தான் மருந்து பிடிக்கும். அதனால் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். முதல் நாளே எரிச்சல் தீரவில்லை என்று இன்னொன்றைப் போடாதீர்கள், முழுப் பலன் தெரிய மூன்று நாள் ஆகும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். எப்படிக் குறைப்பது என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.